புல்லுக்கு நாங்கள் போட்ட முள்வேலி

1. கம்பி

சுனாமிக்கு அடுத்த வருஷம் உப்பளத்தில் வேலை இல்லை. மரக்காணத்து ஏரிக்கரைப் புல்வெளியை அடைத்துப் பாதுகாக்க ஆள் எடுத்தார்கள், போனேன். உள்ளே சீமைக்கருவேலங்கன்று முளைக்கிறதா என்று சுற்றிப் பார்க்க வேண்டும், கண்டால் வேரோடு பிடுங்க வேண்டும். அந்த மரத்துக்கு எங்கள் பக்கம் வேலிக்காத்தான் என்று பேர். புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூலி. சும்மா நிற்பதில் எனக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம்.

அதுவரை அங்கே மாடு மேய்த்தது எங்கள் தெருப் பெண்கள். இரண்டு மழைக்காலம் மேய்க்காமல் விட்டுக்கொடுத்தால், அப்புறம் புல்லை அறுத்துக்கொள்ளலாம் என்றார் சூப்பர்வைசர். அதையே நானும் வீடு வீடாகச் சொன்னேன். அவரை நம்பாதவர்கள் என்னை நம்பினார்கள். என் நாத்தனார் அஞ்சலை, தீவனம் வாங்க முடியாமல் கறவை மாட்டை விற்றுவிட்டு, கிடாரிக்கன்றை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"புல்லு வர்றதுக்குள்ள இது பெருசாயிடும், அண்ணி" என்றாள்.

கம்பி வேலியை உப்புக் காற்று ஒரே கோடையில் தின்றுவிட்டது. தொட்டால் துருவாக உதிர்ந்தது.

2. முள்

வேறு கம்பிக்குப் பணம் இல்லை. எல்லாம் மீனவர் குப்பங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஊரில் எல்லாரும் செய்வதையே செய்தோம். வேலிக்காத்தானை வெட்டி, கிளைகளை நட்டு முள் அடைத்தோம்.

காய் பழுத்துத் தொங்கிய நேரம். வெட்டியவர்களுக்கும் தெரியவில்லை, வெட்டச் சொன்னவருக்கும் தெரியவில்லை. ஆடுகளுக்குத் தெரிந்தது. காய்க்காகக் கிளையை இழுத்து இழுத்து வழி பண்ணி, உள்ளே போய் மேய்ந்து, தின்ற காயின் விதையோடு புழுக்கை போட்டன. பிறகு மழை.

புல்லோடு சேர்ந்து வேலிக்காத்தான் கன்றுகளும் எழுந்தன. சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார்.

"என்னாம்மா இது, நாத்தங்கால் மாதிரி இருக்குது?"

"வெதை நம்மளுதுதான் சார். வெதச்சது மட்டும் ஆடு."

அவர் சிரிக்கவில்லை. பேன்ட்டை மடித்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து பிடுங்கினார். மேலே ஒடிந்து வந்தது, வேர் உள்ளேயே நின்றது. ஒடிந்த இடத்தில் இரண்டாகத் துளிர்த்தது.

3. அரிவாள்

அடுத்த மழைக்குள் இடுப்பு உயரம் முள். சூப்பர்வைசரை மாற்றினார்கள், வேலையும் நின்றது. சொன்ன சொல்லை நம்பி அஞ்சலை அரிவாளோடு வந்து நின்றாள்.

"புல்லு எங்க, அண்ணி?"

"உள்ளதான் இருக்குது. போய் அறுத்துக்கோ."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அந்த வாரமே கன்றையும் விற்றாள்.

பிற்பாடு இரண்டு பேரும் அதே முள்ளை வெட்டிக் கரிமூட்டத்துக்குப் போட்டுக் கூலி வாங்கினோம். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, அடைக்கும் முன்னால் கிளையில் காய் இருக்கிறதா என்று பாருங்கள். நான் இன்றைக்கும் முள்ளை வெட்டினால், காயை உதிர்த்துத் தனியாகக் கொளுத்திவிட்டுத்தான் கட்டுவேன்.

"இனிமே எந்தப் புல்லுக்கு, அண்ணி?" என்பாள் அஞ்சலை.

 சிதறிய காயையும் பொறுக்கி நெருப்பில் போடுவேன்.