என் நிறத்துக்கு மாம்பழ மஞ்சள் ஆகாதாம்

இன்று தருமபுரியில், தம்பி கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை எடுக்கப் போனோம். கடையில் ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்கிரீன் வைத்திருக்கிறார்கள். முன்னால் போய் நின்றால், நமக்கு எந்த நிறம் பொருந்தும் என்று ஏஐ சொல்லுமாம்.

நான் மாம்பழ மஞ்சள் கேட்டேன்.

விற்பனைப் பெண் தயங்கினாள். "அக்கா, உங்க கலருக்கு மஞ்சள் எடுப்பா இருக்காதுங்க. லைட் ரோஸ்தான் காட்டுதுங்க."

சின்ன வயதிலிருந்து சொந்தக்காரர்கள் சொன்னதை இப்போது மிஷினும் கற்றுக்கொண்டுவிட்டது.

ஸ்கிரீனைப் பார்த்தேன். ரோஸ் சேலையில் ஒரு சிவத்த பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இது?"

"நீங்கதாங்க அக்கா. மொகத்தக் கொஞ்சம் பளிச்சுனு காட்டும்."

அதாவது, முதலில் என்னை மாற்றிவிட்டு, மாறியவளுக்குச் சேலை தேர்ந்தெடுத்திருக்கிறது!

என் வீட்டுக்காரர் வேறு, "அதான் மிஷினே சொல்லுதில்ல, அதையே எடுத்துக்க" என்றார்.

"கட்டப் போறது நானா, மிஷினா?"

மஞ்சள் சேலையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தேன். நல்ல வெயில். தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவில் பார்த்தேன். கறுப்பாகத்தான் இருந்தேன். பிரமாதமாகவும் இருந்தேன்.

"இதையே பில் போடுங்க" என்றேன்.

மணமேடையில் நாத்தனார் முடிச்சு போடப்போவது இந்தக் கறுப்பிதான். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மஞ்சள் சேலையைத் தேடி வாருங்கள். அந்த ரோஸ் சேலைக்காரி யார் கண்ணிலாவது பட்டால், மொய் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் போகச் சொல்லுங்கள்.