பேய்க்கதைக்காரரும் எங்கள் கிணறும்

மாங்குளத்தில் அயலார் எல்லாரும் எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினார்கள். அதில் எனக்குப் பெருமை. என் புருஷனின் சிநேகிதர் ஒருவர் சில நாள் தங்கிப் போனார். மெலிந்த ஆள். பேய்க்கதையாகவே எழுதித் தள்ளுவார். எழுதும்போது அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பார். பிறகு ஒரு கதையில் எங்கள் கிணற்றுக்குள் பேயை இறக்கிவிட்டாராம். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும், வாசித்தவர்கள் சொன்னார்கள். தண்ணீருக்கு ஒருவரும் வரவில்லை.

அவர் மறுபடி வந்தபோது அயலாரைக் கூப்பிட்டுவைத்து, அள்ளிய செம்பை நீட்டினேன்.

"எல்லாரும் பாக்கக் குடியுங்கோ."

"அது நான் கட்டின கதை, அக்கா. பேயும் இல்லை, ஒண்டும் இல்லை."

"அப்ப குடியுங்கோவன்."

வாங்கியவர் செம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப விடாய் இல்லை," என்று திருப்பித் தந்தார்.

நானே முழுதும் குடித்தேன். சனம் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தது. தான் கட்டிய பேய்க்கு அந்த மனிதர் ஏன் பயந்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.