மாமா மடக்கிய வைப்பர்கள்

இரண்டு குளிர்காலங்களுக்கு முன், ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. நாங்கள் இருப்பது மெல்பர்னில், கிரான்பர்ன் பக்கம்; இங்கே ஜூலைதான் குளிர்காலம். அங்கிருந்து காரில் நாலு மணி நேரம் போனால் பனி பெய்யும் மலை ஒன்று வரும். மதுரையிலிருந்து என் மாமனார் எங்களோடு தங்க வந்திருந்தார். பனியை ஒரு தடவையாவது கையில் அள்ளிப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. மகளுக்கும் பள்ளி லீவு. சரி, போவோம் என்று மலைமேல் ஒரு விடுதியில் அறை எடுத்தோம்.

கிளம்புவதற்கு முன் நண்பர்களிடமிருந்து ஒரே அட்வைஸ். "இந்தச் சின்னக் காரை வச்சுக்கிட்டா மலைக்குப் போறீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. இங்கே நம் ஆட்கள் வீடு வாங்கிய கையோடு பெரிய ஃபோர் வீல் டிரைவ் ஒன்றும் வாங்கிவிடுவார்கள். பெரும்பாலும் அது ஏறி இறங்குவது பள்ளிக்கூட வாசல் வேகத்தடையைத்தான். எங்களுடையது சின்ன வெள்ளைக் கார். பெட்ரோல் கம்மியாகக் குடிக்கும், எந்தச் சந்திலும் நிறுத்தலாம் என்று நான் பார்த்து வாங்கியது. எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காலால் தரையை மிதித்து பிரேக் போடுவது என் கணவர்.

மலையடிவாரத்தில், பனியில் வழுக்காமல் இருக்க டயருக்குப் போடும் சங்கிலியை வாடகைக்குக் கொடுக்கும் கடை இருந்தது. கடைக்காரர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இந்தக் காருக்கு முன் டயர்களில் மட்டும் சங்கிலி போட்டால் போதும். ராத்திரி நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், உறைந்து பிடித்துக்கொள்ளும். வைப்பர் இரண்டையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிமிர்த்தி வையுங்கள், படுத்திருந்தால் கண்ணாடியோடு ஒட்டிப்போகும். நானும் கணவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம். மாமா கடைக்குள் வரவே இல்லை. வெளியே நின்று ரோட்டோரப் பனியை அள்ளி அள்ளி, மதுரையில் இருக்கும் அத்தைக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தார்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பேங்கில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். இப்போது அவர் குடியிருக்கும் அபார்ட்மென்ட் சங்கத்துக்குச் செயலாளர். யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும் அவர் காதில் விழும். திறந்து கிடக்கும் கேட்டைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. எங்கள் தெருவிலும், அடுத்தவர்கள் வெளியே வைத்த குப்பைத் தொட்டியை லாரி வந்து போனதும் அவரவர் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். "மாமா, இங்கெல்லாம் அப்படிச் செய்யக் கூடாது" என்பேன். "ஒத்தாசைதானேம்மா, என்ன குறைஞ்சிரப் போகுது?" என்பார்.

விடுதியில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போனோம். பர்கரையும் சூப்பையும் பார்த்து மாமா முகம் சுருங்கிவிட்டது. "ஒரு வாய் சோறு கிடைச்சாத் தேவலை" என்று அவர் முனகியது சமையலறைக்குள் கேட்டிருக்கும் போல. கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், இலங்கைத் தமிழர், அந்த சீசனுக்கு அங்கே சமையல்காரர். "தமிழ் ஆக்களோ? இருங்கோ ஐயா, எனக்கெண்டு கொஞ்சம் சோறும் பருப்பும் வச்சிருக்கிறன்" என்று சொல்லித் தன் சாப்பாட்டையே எடுத்து வந்து வைத்துவிட்டார். மாமாவுக்கு உயிர் வந்தது.

சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். முகம் பூராவும் சிரிப்பு. "நாளைக்கு என்ர மனுசியும் பிள்ளையும் வருகினம், அக்கா" என்றார். ஊரைவிட்டு அவர் படகேறும்போது மனைவி கர்ப்பமாக இருந்தாராம். வந்து, அகதி முகாமில் அடைபட்டு, விசாவுக்குக் காத்திருந்து காத்திருந்து வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதுதான் நிரந்தர விசா கிடைத்து, குடும்பத்தைக் கூப்பிட முடிந்திருக்கிறது. மகளை அவர் போனில் பார்த்ததோடு சரி, நேரில் பார்த்ததே இல்லை.

"பதினொரு மணிக்குப் பிறகுதான் பிளேன். விடிய வெளிக்கிட்டாப் போதும். வெளிய வரேக்க அப்பா முன்னுக்கு நிப்பன் எண்டு பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன்" என்றார். மாமா சோற்றைப் பிசைந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் ஜன்னலைத் திறந்தால் எல்லாமே வெள்ளை. இன்னும் பெய்துகொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் ஒரே சத்தம். ஏதோ தகராறு என்று நினைத்து நாலு பேரும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இறங்கினோம். அங்கே விடுதியில் தங்கியிருந்தவர்கள் அவரவர் காரைச் சுற்றி நின்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் முந்தின நாள் வைப்பரை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். காலையில் வந்து பார்த்தால் அத்தனை வைப்பரும் மடங்கி, பனி உறைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. எவனோ வேலை மெனக்கெட்டுச் செய்த குறும்பு என்று திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு காரில் மட்டும் வைப்பர் இரண்டும் நிமிர்ந்து நின்றன. அது எங்கள் கார்.

எல்லோரும் எங்கள் காரைப் பார்த்தார்கள். அப்புறம் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஏம்மா, அது வேணும்னு தூக்கி வைக்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவர் அபார்ட்மென்டில் கார் கழுவ ஒருவர் வருவார். கழுவி முடித்ததும் அடையாளத்துக்கு வைப்பரைத் தூக்கிவிட்டுப் போய்விடுவார். அப்படியே நின்றால் ஸ்பிரிங் தளர்ந்துபோகும் என்று மாமா தினமும் ஒரு சுற்று வந்து எல்லோருடைய வைப்பரையும் மடக்கிவிடுவார். முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் அறையில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது இங்கேயும் அதே சேவை நடந்திருக்கிறது! வரிசையாக மடக்கிக்கொண்டே வந்தவர், சொந்தக் கார்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். அதற்குள் நான் டீ குடிக்கக் கூப்பிட்டுவிட்டேன்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்கும், அந்தச் சமையல்காரரைப் பார்க்காமல் இருந்திருந்தால். அவருடைய பழைய கார் வரிசையின் கோடியில் நின்றது. அவர் அவசரத்தில் இருந்தார், பாவம். கண்ணாடியில் ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் வைப்பர் சுவிட்சைப் போட்டிருக்கிறார். உள்ளே ஏதோ கருகிய வாடை வந்து வைப்பர் செத்துப்போயிற்று. மற்றவர்கள் ஹீட்டரைப் போட்டுக் காத்திருந்தால் அரை மணியில் கிளம்பிவிடலாம். பெய்கிற பனியில் வைப்பரே இல்லாமல் அவர் எப்படி மலை இறங்குவார்? மெக்கானிக் கீழேயிருந்து வர மத்தியானம் ஆகும் என்றார்கள். அவர் போனைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றார்.

மாமா ஒரு அடி முன்னால் வைத்தார். என் கணவர் அவர் கையைப் பிடித்து, "அப்பா, பேசாம இருங்க. யாரும் பாக்கலை. நாம ஏதாச்சும் உதவி பண்ணுவோம், ஆனா சொல்ல வேணாம்" என்று கிசுகிசுத்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது அதுதான் சரியென்று பட்டது. அத்தனை பேர் முன்னால் வயசான மனுஷர் அவமானப்பட வேண்டாமே!

மாமா கையை உதறிவிட்டு நடுவில் போய் நின்றார். பேங்க் கவுண்டரில் நின்று பேசுவது போன்ற அந்தக் கனமான இங்கிலீஷில், எல்லோருக்கும் கேட்கும்படி, "இதைச் செய்தவன் நான்தான். தெரியாமல் செய்துவிட்டேன். மன்னிக்கணும்" என்றார். தன் ஊரில் என்ன வழக்கம், இங்கே என்ன நினைத்துச் செய்தார் என்றும் சொன்னார். பிறகு தாடி வைத்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அதோடு இறுக்கம் போயிற்று. ஒரு அம்மா மட்டும் முணுமுணுத்துக்கொண்டே கண்ணாடியைச் சுரண்டினார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

மாமா அடுத்ததாகச் சமையல்காரரிடம் போனார். கையைக் கூப்பினார். "ஐயோ, என்ன ஐயா இது, கையைக் கீழ விடுங்கோ. தெரிஞ்சே செய்தனீங்கள்?" என்று அவர் மாமாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவர் கண் மறுபடி போனுக்குத்தான் போயிற்று. மாமா விடுதிக்குள் ஓடி, கெட்டில் நிறைய வெந்நீரோடு திரும்பி வந்தார், அந்தக் கார்க் கண்ணாடியில் ஊற்ற! தாடிக்காரர் மட்டும் பாய்ந்து தடுத்திருக்காவிட்டால் கண்ணாடியும் படார் என்று விரிசல் விட்டிருக்கும். மாமா கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு செய்வதறியாமல் நின்றார்.

"எங்க கார் ரெடியாத்தானே இருக்கு, நான் கொண்டுபோய் விடுறேன், ஏறுங்க" என்றேன் நான். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. சாவியைக் கொடுக்கிறேன், நீங்களே ஓட்டுங்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் சாவியை வாங்காமல், "இந்தப் பதட்டத்தோட நான் ஓட்டமாட்டன் அக்கா" என்றார். கணவரும் மகளும் மெக்கானிக் வரும்வரை அவர் காரோடு அங்கேயே இருப்பது, சரியானதும் அதிலேயே மெல்பர்ன் வருவது என்று முடிவாயிற்று. மாமாவை அறையில் இருக்கச் சொன்னோம். கேட்டால்தானே? பின் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

அந்த இறக்கத்தை நான் மறக்கவே மாட்டேன். சங்கிலி தரையில் கடகடவென்று அடிக்க, கியரைக் குறைத்து வைத்து, பிரேக்கைத் தொடாமல் ஊர்ந்தேன். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பக்கத்திலிருந்தவர், "மெல்ல மெல்ல, அவசரமில்லை அக்கா" என்றார். யாருக்கு அவசரம் இல்லை? ஒரு பெரிய ஃபோர் வீல் டிரைவ் எங்களை முந்திக்கொண்டு போய், அடுத்த திருப்பத்தில் ஓரத்துப் பனிக்குள் மூக்கைச் செருகி நின்றது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இறங்கி நின்று கையைக் காட்டினார். எங்கள் சின்னக் கார் அதைத் தாண்டி நகர்ந்தபோது நண்பர்கள் வட்டம் மொத்தமும் அங்கே நின்று பார்க்கவில்லையே என்று இருந்தது.

சங்கிலியைக் கழற்றும் இடத்தில் மாமாவே முதலில் இறங்கி, வெறும் கையால் இழுத்துக் கழற்றினார். விரல்கள் சிவந்துவிட்டன. மறுபடி கிளம்பியதும், பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியில் நான் பார்க்கும்போதெல்லாம் அவர் கண் டாஷ்போர்டு கடிகாரத்தில்தான் இருந்தது. நகரத்துக்குள் நுழையும்போதே விமானம் இறங்கிவிட்டது என்று சமையல்காரரின் போனில் செய்தி வந்துவிட்டது. மனைவியின் போன் இங்கே வேலை செய்யவில்லை. "என்னைத் தேடுவினம்" என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டதைக் கேட்டு நான் ஆக்சிலரேட்டரை அமுக்கப் போனேன், வேகக் கேமரா நினைவு வந்து காலை எடுத்துக்கொண்டேன்.

நான் விமான நிலைய வாசலில் இருவரையும் இறக்கிவிட்டு, காரை நிறுத்திவிட்டு ஓடினேன். உள்ளே போனால் சமையல்காரர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நிற்கிறார். இன்னும் வரவில்லை! போய்விட்டார்களோ, எங்கேயாவது அழுதுகொண்டு நிற்கிறார்களோ என்று எனக்குப் பதறியது. கடைசியில், கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, கதவு திறந்து ஒரு வண்டி நிறையப் பெட்டிகளோடு வந்தார்கள். மிளகாய்த்தூளும் கருவாடும் கொண்டுவந்ததைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறார்கள் சுங்க அதிகாரிகள். அந்தக் கருவாட்டுக்கு நான் மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

மகள் அம்மாவின் தோளைத் தாண்டி வளர்ந்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் நின்றுவிட்டாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவரும் கிட்டப் போகத் தெரியாமல், தன் பையிலிருந்து ஒரு ஊதா நிற ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். "குளிரும் பிள்ளை, போடுங்கோ." அவள் போட்டாள். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது. போனில் பார்த்த முகத்தை வைத்து அளவு பார்த்து வாங்கியிருக்கிறார் மனுஷர். அவர் முகம் விழுந்துபோயிற்று. அவள் கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "அளவு சரி அப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையை நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

மாமா தூரத்தில் ஒரு தூணோரம் நின்றார். சமையல்காரர் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "இந்த ஐயாதான் அப்பாவை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்" என்றார். மாமா தலையை ஆட்டி, "இல்லம்மா, என்னாலதான் தாமதமே" என்று ஆரம்பித்தார். அவள் அவர் சிவந்த விரல்களைப் பார்த்து, "நல்லா நோகுதா?" என்று கேட்டாள்.

மெல்பர்னிலேயே டான்டினாங்கில் சமையல்காரர் எடுத்திருந்த வாடகை வீட்டுக்கு, மடியில் ஒரு பெட்டி, காலடியில் ஒரு பெட்டி என்று ஐந்து பேரும் அடைத்துக்கொண்டு போனோம். மதியம் எல்லோருமாகக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டோம். ராத்திரி என் கணவரும் மகளும் சமையல்காரரின் காரோடு அங்கேயே வந்து சேர்ந்தார்கள். இன்றும் இரண்டு குடும்பமும் ஒட்டி உறவாடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அன்று மாமா வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நாங்களும் பாவம் என்று சொல்லிவிட்டுப் பனியில் விளையாடப் போயிருப்போம், அந்தப் பிள்ளை விமான நிலையத்தில் அப்பாவைத் தேடிக்கொண்டு நின்றிருப்பாள். இப்போதெல்லாம் ஆபீஸிலோ வீட்டிலோ நான் ஏதாவது சொதப்பிவிட்டு, சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு இழுக்கும்போது, முழங்கையோடு நின்றுவிட்ட அந்த ஊதா ஜாக்கெட் கண்முன் வருகிறது, "நான்தான்" என்று சொல்லிவிடுகிறேன்.