நாகலெட்சுமி வீட்டுக்கு வந்த அலுமாரி

ராகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீடுகளில், இருபத்திரண்டு வருஷமாக அடுத்த வீட்டில் ஒரு பிடி உப்புக்கூடக் கேட்டறியாதவள் நாகலெட்சுமி. அவளோடு கொழுந்தெடுக்கும் பெண்கள் இதற்காக அவளைக் கொஞ்சம் மெச்சினார்கள், நிறையக் கேலி செய்தார்கள். புருஷன் வீரய்யா இடுப்பு ஒடிந்து படுக்கையில் விழுந்த பிறகும் அவள் அந்த வைராக்கியத்தை விடவில்லை. உப்பில்லாத நாளில் உப்பில்லாமலே ஆக்குவாள். கேட்டால், "அவருக்கு பிரஷருங்க" என்பாள்.

அப்படிப்பட்டவள்தான் ஒரே காலையில் லயம் முழுக்க இரவல் வாங்கினாள்.

மகள் சர்மிளாவுக்குக் கண்டியில் ஒரு தனியார் தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அரசாங்க உதவிக்கு அங்கே வழியில்லை. கல்லூரியே வைத்திருக்கும் உதவி நிதிக்குத்தான் எழுதிப்போட வேண்டும். சர்மிளா போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பினாள். சம்பாதிப்பவர்: அம்மா மட்டும். வீட்டுத் தளபாடம்: கட்டில் ஒன்று, பிளாஸ்டிக் கதிரை இரண்டு. தாய்க்கு அதை வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அது அனுப்பப்பட்டிருக்காது.

வீட்டைப் பார்க்க ஒரு மிஸ் வருவார் என்று கல்லூரியிலிருந்து சொன்னதும்தான் வினை தொடங்கியது.

"கண்டியிலருந்து வர்றவங்கள ஒடஞ்ச கதிரையில ஒக்கார வைக்கச் சொல்றியா?"

"ஆமாம்மா. அதைத்தானே பாக்க வர்றாங்க."

"நாளைக்கு நீ அங்க படிக்கப் போறவ. ஒன்னையத்தான் எளக்காரமாப் பாப்பாங்க."

மிஸ்ஸை அழைத்துவரச் சர்மிளா பஸ் நிற்கும் இடத்துக்குப் போன நேரத்தில் காரியம் முடிந்தது. அடுத்த வீட்டுக் காளியாயியின் சோபாவும் கண்ணாடி அலுமாரியும் பின்பக்கமாக வந்து சேர்ந்தன. எதிர்வீட்டு வேலாயி கம்பளம் கொடுத்தாள். கடைக்கார அலியார் நானா புதுக் கோப்பை செட் ஒன்றை, உடைக்காமல் திருப்பித் தரும்படி சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

றிப்கா மிஸ் சோபாவில் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், மறுபடி விண்ணப்பத்தைப் பார்த்தார். வாசலில் சர்மிளா கல்லாய் நின்றாள்.

"கேக் எடுத்துக்குங்க மிஸ்" என்றாள் நாகலெட்சுமி.

மிஸ் கோப்பையோடு எழுந்து அலுமாரியருகே போனார். உள்ளே, யூனிபார்ம் போட்ட ஓர் இளைஞனின் படம்.

"இது யாரு?"

"கட்டார்ல வேல செய்றாருங்க." வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்வதுபோல, நாகலெட்சுமி பெருமையாகவே சொல்லிவிட்டாள்.

மிஸ் பேனாவைத் திறந்தார். "மகன் வெளிநாட்டுல இருக்கிறத நீங்க எழுதல்லையே."

நாகலெட்சுமி வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். ஆமாம் என்றால் மானம் மிஞ்சும், மகளின் படிப்பு போகும்.

"அது எங்க புள்ள இல்லீங்க. காளியாயி அக்கா மகன், கிஷாந்த்."

"அவர்ர படம் உங்கட அலுமாரியில எதுக்கு?"

"அலுமாரியும் அவங்களோடதுதாங்க."

மிஸ்ஸின் பார்வை சோபாவுக்குப் போனது.

"அதுவுந்தாங்க."

கம்பளத்துக்குப் போனது.

"அது வேலாயி வூட்டுது."

மிஸ் கையிலிருந்த கோப்பையை மெல்ல உயர்த்தினார். அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. அதற்கு அவர் விளக்கம் கேட்கவில்லை.

வாசலில் கூடியிருந்தவர்களுக்கிடையிலிருந்து காளியாயி சொன்னாள்: "கேக்கு அவ காசுதான் மிஸ். நம்பித் தின்னுங்க."

லயமே சிரித்தது. நாகலெட்சுமி தலை குனிந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மலையில் எத்தனையோ முறை கங்காணியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள்; அப்போதெல்லாம் நிமிர்ந்துதான் நின்றாள்.

"சாமானெல்லாம் எடுத்துடுங்க" என்றார் மிஸ். "உதவி நிதிக் குழுவுக்குக் காட்ட ஒரு படம் வேணும்."

பின்பக்கமாக வந்த சோபா இப்போது முன்வாசல் வழியாக, எல்லோரும் பார்க்க ஊர்வலம் போனது. அலுமாரி நகர்ந்த இடத்தில், கூரை ஒழுகிக் கறுத்துப்போன சுவர் தெரிந்தது. மிஸ் போனைத் தூக்கியதும் நாகலெட்சுமி தன்னையறியாமல் அந்தக் கறையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சுவர் தெரியணும்" என்றார் மிஸ்.

ஓரடி தள்ளி நின்றாள்.

மூன்று வாரத்தில் உதவி கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அந்த ஓரடிக்குத்தான் கொடுத்தார்கள் என்று அவள் இன்றும் நம்புகிறாள்.

சர்மிளா புறப்படும் முந்தின நாள் காளியாயி எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, புள்ளைக்குப் பெட்டி இருக்கா? இல்ல, அதுவும் நாந்தான் தரணுமா?"

மகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி நிமிரவில்லை.

"குடுங்கக்கா" என்றாள்.