சுரங்கச் சாலையின் கால் நகங்கள்

டோரீன் மோஷருக்கு 'நகக்காரி' என்ற பெயர் வந்தது ஐம்பத்தாறு வயதில். அதற்கு முன்பும் அவளுக்குப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. மீன் தொழிற்சாலையில் நின்றுகொண்டே முள் எடுத்த காலத்தில் 'வாயாடி டோரீன்'. தொழிற்சாலையை மூடிய பிறகு, எழுந்து நடக்க முடியாதவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டியபோது 'சோப்பு டோரீன்'. நடுவில் புருஷன் வின்ஸ் எண்ணெய் வயலில் வேலை என்று ஆல்பர்ட்டாவுக்குப் போய், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அப்போது கொஞ்ச நாள் 'பாவம் டோரீன்'. அந்த ஒரு பெயரைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. யாராவது தலையைச் சாய்த்துக்கொண்டு ஆறுதல் சொல்ல வந்தால், "உன் வீட்டுக்காரனையும் ஆல்பர்ட்டாவுக்கு அனுப்பிப் பாரேன், வீடு எவ்வளவு சுத்தமா இருக்குன்னு தெரியும்" என்பாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதும் உண்டு.

பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் ஊர் ஸ்டோனி ஆர்முக்கு ஒரு ஆராய்ச்சிக்காக ஆள் தேடி வந்தபோது, எல்லாரும் டோரீனைக் கைகாட்டினார்கள். எந்த வீட்டுக் கதவையும் தட்டாமலே திறந்துகொண்டு போகக்கூடியவள் அவள் ஒருத்திதான். நோவா ஸ்கோஷியாவில் எங்கள் கடற்கரைப் பக்கம் பாறையில் ஆர்சனிக் என்ற நஞ்சு உண்டு. பழைய தங்கச் சுரங்கம் இருந்த இடத்தில் இன்னும் அதிகம். குழாய்த் தண்ணீர் என்ற பேச்சே கிடையாது, அவரவர் கிணறு அவரவர்க்கு. உள்ளே போகும் ஆர்சனிக் மெல்ல மெல்லக் கால் நகத்தில் சேர்ந்துவிடுமாம். நகத்தைச் சோதித்தால் பல மாதமாக ஒரு ஆள் என்ன குடித்தான் என்று சொல்லிவிடலாமாம். நகத்தோடு, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்துச் செல்களையும் எடுக்க வேண்டும். அந்தச் செல்களில் எவ்வளவு சேதம் என்று பார்ப்பது கிஸ்லேன் தேரியோ என்ற டாக்டரின் வேலை. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மாவட்ட சபைக்கு அறிக்கை போகும். சாலைவாரியாகச் சராசரி எடுத்து, ஒரு கோட்டுக்கு மேலே இருந்தால் அந்தச் சாலையில் உள்ள எல்லாக் கிணறுகளுக்கும் சபை செலவிலேயே வடிகட்டி. கோட்டுக்குக் கீழே என்றால் ஒன்றும் கிடையாது.

டோரீனுக்கு இதெல்லாம் சட்டென்று பிடித்துப்போயிற்று. பயிற்சிக்குப் போனபோது ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்கு வேடிக்கையாகப் பட்டது. நகத்தை அவள் கண்ணெதிரே வெட்ட வேண்டும் என்று விதி.

அது எங்கள் ஊரில் நடக்கிற காரியமா? ஒருத்தன் காலுறையைக் கழற்றுவதை அவன் பெண்டாட்டி பார்ப்பதே அபூர்வம். நாற்பது வருஷம் ரப்பர் பூட்ஸுக்குள் ஊறிய கால்கள். டோரீன் போய் நகம் போட ஒரு காகித உறையைக் கொடுத்துவிட்டு வருவாள். அடுத்த வாரம் போனால் டீயும் வெல்லப்பாகு போட்ட மொலாசஸ் பிஸ்கட்டும் மேஜையில் இருக்கும், பக்கத்தில் ஒட்டி மூடிய உறையும் இருக்கும். திறந்து பார்ப்பது என்பது, சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் மீனை முகர்ந்து பார்ப்பது மாதிரி. அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். கன்னத்துச் செல்லை மட்டும் அவளே கையால் எடுத்தாள். வாயைத் திறக்க யாரும் வெட்கப்படவில்லை.

ஒரு வருஷம் அலைந்து முடித்தாள். முடிவுகள் வந்தன. அவரவர் அளவு அவரவர் வீட்டுக்குக் கடிதத்தில் போயிற்று. கரைச் சாலை கோட்டுக்கு மேலே. சுரங்கச் சாலை கோட்டுக்குக் கீழே, அதுவும் ஒரு மயிரிழையில்.

டோரீனின் அக்கா பெர்னீஸ் இருப்பது சுரங்கச் சாலையில்தான். டோரீனுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் எண் எண்தானே என்று வாயை மூடிக்கொண்டாள். வாயாடி என்று பெயர் வாங்கியவளுக்கு அது சாதாரண வேலை இல்லை.

சபையில் வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது கிஸ்லேன் போனில் கூப்பிட்டார்.

"டோரீன், ஒருத்தரோட செல்லு எனக்குப் புரியவே மாட்டேங்குது. சுரங்கச் சாலை, உறை நம்பர் நாற்பத்தொண்ணு. செல்லெல்லாம் கன்னாபின்னான்னு உடைஞ்சு கெடக்கு. நகத்தைப் பாத்தா, பச்சக் குழந்தை நகம் மாதிரி சுத்தமா இருக்கு. இவரு வெல்டிங் கிட்டிங் பண்றவரா? சிகரெட்டா?"

நாற்பத்தொன்று யார் என்பது டோரீனுக்குத் தெரியும். பெர்னீஸின் புருஷன் க்ளேட்டன் கார்க்கம். சிங்கி இறால் பிடிப்பவன். சிகரெட்டைத் தொட்டதில்லை. வெல்டிங் வேலைக்கு ஆளைக் கூப்பிட்டுத் திட்டத்தான் அவனுக்குத் தெரியும்.

"போய்ப் பாத்துட்டு சொல்றேன் டாக்டர்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனாள். க்ளேட்டன் வழக்கம்போலக் கீழே, இறால் பொறிகளை அடுக்கிவைக்கும் கொட்டகையில் இருந்தான். பெர்னீஸ் அடுப்பில் மீன் கேக் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"க்ளேட்டனோட நகத்தைப் பத்தி டாக்டர் கேட்டாங்க" என்று டோரீன் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

பெர்னீஸ் திரும்பவில்லை. ஆனால் அவள் கழுத்து சிவந்தது.

"என்ன கேட்டாங்க?"

"ரொம்ப சுத்தமா இருக்காம்."

"நல்லதுதானே."

"பெர்னீஸ், இங்க திரும்பு."

பெர்னீஸ் திரும்பினாள். கையில் கரண்டி.

"அது என்னோடது" என்றாள். "அந்த மனுஷன் காலைக் காட்ட மாட்டேன்னுட்டார். பெருவிரல் நகம் கறுத்துப்போய் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்சிருக்கு. 'அந்தப் பொண்ணுங்க லேப்ல வெச்சு சிரிப்பாங்க, செத்தாலும் குடுக்க மாட்டேன்'னார். நீ வந்து வெறுங்கையோட திரும்பிப் போறதைப் பாக்க எனக்குப் பிடிக்கல. எனக்கு நகம் நிறையத்தானே வளருது, ரெண்டு உறையிலயும் போட்டுட்டேன். அவருக்குத் தெரியாது."

டோரீனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அந்த உடைந்த செல்களின் நினைவும் வந்தது. "அவன் தண்ணி எங்க குடிக்கிறான்?" என்று கேட்டாள்.

"வீட்ல எங்க குடிக்கறார்? விடிஞ்சா கொட்டகை. சாயங்காலம் வரைக்கும் அங்கயே டீ. இந்தச் சாலையில இருக்கற ஆம்பளைங்க எல்லாரும் அங்கதானே கெடக்கறாங்க."

கொட்டகைக்கென்று கையால் தோண்டிய ஒரு கிணறு உண்டு. பழைய சுரங்கத்துக் கழிவு மேட்டின் அடிவாரத்தில் இருந்தது அது. வீட்டுக் கிணறுகளை எல்லாம் சோதித்தார்கள். கொட்டகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. டோரீனும் கேட்கவில்லை. அவளே அங்கே உட்கார்ந்து டின் பால் ஊற்றிய டீயை எத்தனையோ முறை குடித்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு யோசித்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். க்ளேட்டனின் உறை மட்டும் செல்லாது என்று முடியாது. கண்ணெதிரே வெட்டாத அத்தனை உறையும் சந்தேகத்துக்கு வரும். கரைச் சாலையின் உறைகளும் அதில் சேரும். அங்கே ஜனங்கள் வடிகட்டி வரப்போகிறது என்று சமையலறையில் இடம் ஒதுக்கிவைத்துக் காத்திருந்தார்கள். சொல்லாவிட்டால் கரைச் சாலை பிழைத்துக்கொள்ளும். சுரங்கச் சாலை அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் காலை கிஸ்லேனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். யார் என்று பெயரை மட்டும் சொல்லவில்லை. தான் எப்படி வாங்கினாள் என்பதைச் சொன்னாள்.

கிஸ்லேன் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "எத்தனை உறைய நீங்க பாத்து வாங்கினீங்க?" என்றார்.

"என்னோடதை மட்டும்."

"ஐயோ டோரீன்."

திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது டோரீனுக்கு. கிஸ்லேன் திட்டவில்லை. குழுவோடு பேசிவிட்டு, வாக்கெடுப்புக்கு முன்னால் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் ஒரே சனிக்கிழமையில் எல்லாருக்கும் மறுபடி வெட்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டியதுதான் என்றார். அவசரமாய்ச் சோதிக்கத் தாமே ஏற்பாடு செய்வதாகவும் சொன்னார்.

ஊர் கொதித்துப் போயிற்று. கரைச் சாலைக்காரர்கள் டோரீனைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். கடையில் ஒருத்தி, "ஜெயிச்ச லாட்டரிச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வந்திருக்கா பாரு" என்று அவள் காதில் விழும்படியே சொன்னாள். ஆண்கள் பேசியது வேறு. "எங்க நகத்தை எங்களுக்கு வெட்டத் தெரியாதாமா? நாளைக்கு வேற எதையெல்லாம் கண்ணெதிர்ல செய்யச் சொல்லுவாளோ?" பெர்னீஸ் போனை எடுக்கவில்லை. எடுத்த ஒரே தடவை, "பெயரைச் சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் வைத்துவிட்டாள். டோரீனுக்கு அதுதான் வலித்தது.

சனிக்கிழமை வந்தது. மண்டபத்தில் வரிசையாக நாற்காலிகள், பேசின்கள், துண்டுகள். கிஸ்லேனும் இரண்டு மாணவிகளும் நகரத்திலிருந்து வந்திருந்தார்கள். காலைப் பொழுது பாதி போயிற்று. பெண்கள் சிலர் வந்து வெட்டிக்கொண்டு போனார்கள். ஆண்கள் வெளியே லாரிகளில் சாய்ந்துகொண்டு நின்றார்கள், உள்ளே வரவில்லை. எவன் முதலில் போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

க்ளேட்டன் கார்க்கமின் லாரி வந்து நின்றது. அவன் யாரிடமும் பேசாமல் நேரே உள்ளே வந்து, ஜன்னல் ஓரத்து நாற்காலியை வெளியே இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பூட்ஸைக் கழற்றினான். காலுறையைக் கழற்றினான்.

"பெர்னீஸ் சொல்லிட்டா" என்றான் டோரீனிடம். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினான். "போன தடவை நான் குடுத்தது என் பெண்டாட்டி நகம்! எல்லாரும் தெரிஞ்சுக்கோங்க! அம்பத்தொம்போது வயசுக்காரி நகம், அதான் அவ்வளவு அழகா இருந்திருக்கு!"

வெளியே எவனோ சிரித்தான். க்ளேட்டன் காலை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிக் காட்டினான்.

"சிரிக்கிறவன் அடுத்து உள்ள வாடா. உன் கால் என்ன ரோஜாப் பூவா?"

அந்த நகத்தைச் சாதாரண நகவெட்டியால் வெட்ட முடியவில்லை. டோரீன் காரிலிருந்து நடமாட முடியாதவர்களுக்கு நகம் வெட்டிய தன் பழைய கனத்த குறடு ஒன்றை எடுத்து வந்தாள். காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெட்டினாள். மாணவிகள் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும், "வலிக்குதா சார்?" என்று கேட்டாள். க்ளேட்டன் மற்றக் காலையும் நீட்டினான்.

பிற்பகலுக்குள் மண்டபம் நிரம்பிவிட்டது. ஒவ்வொருத்தனாகக் குனிந்து முணுமுணுத்ததில் இன்னும் பல விஷயங்கள் வெளியே வந்தன. ஒருத்தன் கொடுத்தது மகளுடைய நகம். ஒருத்தன் கொடுத்தது மாமியாருடையது, அதுவும் நெயில் பாலிஷை அவனே உட்கார்ந்து துடைத்து எடுத்திருக்கிறான். ஒரு வீட்டில் நாலு உறைக்கும் ஒரே ஆள். கிஸ்லேன் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

முடிவு வந்தது. கரைச் சாலை இருந்த இடத்திலேயே இருந்தது. சுரங்கச் சாலை கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது, அத்தனையும் ஆண்களால். சபையில் ஒரு உறுப்பினர் வீட்டுக் கிணறுகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று எழுந்து கேட்டார். கிஸ்லேன் கொட்டகைக் கிணற்றின் எண்ணைச் சொன்னார். உறுப்பினர் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக் கிணறு, கொட்டகைக் கிணறு, எதிலிருந்து மனிதர்கள் குடிக்கிறார்களோ அத்தனைக்கும் வடிகட்டி என்று தீர்மானம் நிறைவேறியது. கடையில் சீட்டைப் பற்றிப் பேசியவள் டோரீனுக்கு ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தனுப்பினாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. டோரீன் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

தனித்தனி முடிவுகளை இந்தத் தடவை அவரவர் வீட்டுக்குப் போய் நேரில் சொல்வது டோரீனின் வேலை. சுரங்கச் சாலையைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். க்ளேட்டனின் எண்தான் எல்லாவற்றிலும் பெரியது. நகரத்து மருத்துவமனையில் சிறுநீர்ப்பையில் புற்று இருக்கிறதா என்று பார்க்க வியாழக்கிழமை நேரம் கொடுத்திருந்தார்கள். அவன் அதைக் கேட்டுவிட்டு, "சரி" என்றான். கொட்டகைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து கிணற்று மூடியின் மேல் பலகை வைத்து ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

பெர்னீஸ் டீ போடவில்லை. இருவரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் பாத்து வாங்கியிருக்கணும்" என்றாள் டோரீன். "பெர்னீஸ், நான் உன் முன்னாடி உக்காந்து பாத்து வாங்கியிருக்கணும்."

பெர்னீஸ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காயிதம் வந்துச்சே போன தடவை" என்றாள். "'உங்கள் அளவு இயல்பானது'ன்னு. அதை நான்தான் அவருக்கு வாசிச்சுக் காட்டினேன், டோரீன். கன்னத்துல எடுத்ததை வெச்சுச் சொல்றாங்கன்னு அவர் நம்பிட்டார். என் நகம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும், வாசிக்கறப்போ எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"