நான் சாப்பிடுவேன், ஊர் சாப்பிடாது

எண்களைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிற ரகம். அதனால், ஒரு தொண்டு நிறுவனத்தார் பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் எடுத்த சர்வேயைக் கொண்டுவந்து அலசித் தரச் சொன்னபோது, கோடை விடுமுறை போனால் போகட்டும் என்று வாங்கிக்கொண்டேன். எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பற்றி நம் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் சர்வே. அவர்கள் கடையில் காய்கறி வாங்குவீர்களா, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவீர்களா, அவர்கள் குடித்த டம்ளரில் குடிப்பீர்களா, அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுவீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். இதில் எதனாலும் அந்தக் கிருமி பரவாது. பரவாது என்று தெரிந்த பிறகும் மனசு என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் மண்டை காய்ந்தது டம்ளர் கேள்வியில். காய்கறி வாங்கவே பயப்படுகிறவர் டம்ளருக்கு இன்னும் பயப்பட வேண்டும் இல்லையா? மற்ற கேள்விகளெல்லாம் ஒன்றோடொன்று அப்படித்தான் சேர்ந்து போயின. டம்ளர் மட்டும் தன் வழியே போனது. பூலாம்பாடிப் பக்கத்தில், கடைப் பக்கமே போக மாட்டேன் என்று சொன்னவர்கள்கூட டம்ளருக்குத் தாராளமாகச் சரி என்றிருந்தார்கள். பதிவு செய்தவர்களைத் திட்டினேன், கம்ப்யூட்டரைத் திட்டினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போதுதான் உறைத்தது. நான் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் அடுத்தவர் டம்ளரில் யார் வாய் வைக்கிறார்கள்? வாய் வைத்துக் குடிக்கிற தேசத்துக் கேள்வியைக் கொண்டுவந்து இங்கே கேட்டால் எல்லாரும் சரி என்றுதான் சொல்வார்கள். அந்தக் கேள்வியைத் தூக்கிக் கடாசிவிட்டு எனக்கு நானே ஒரு காபி போட்டுக்கொண்டேன்.

அடுத்தது அவ்வளவு சுலபமாக விடவில்லை. சாப்பாட்டைப் பற்றி இரண்டு கேள்விகள் இருந்தன. எச்.ஐ.வி. உள்ளவர் சமைத்ததை நீங்கள் சாப்பிடுவீர்களா? உங்கள் தெருவில் மற்றவர்கள் சாப்பிடுவார்களா? பெரும்பாலானவர்கள் முதல் கேள்விக்கு ஆமாம் என்றும் அடுத்ததற்கு மாட்டார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். தா.பழூரிலும் அப்படித்தான், ஜெயங்கொண்டத்திலும் அப்படித்தான். நான் சாப்பிடுவேன், ஊர் சாப்பிடாது. சரி, ஆளாளுக்கு நான் சாப்பிடுவேன் என்றால், சாப்பிடாத அந்த ஊர் எங்கே இருக்கிறது? ஒன்று, தங்களைப் பற்றிப் பொய் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தா.பழூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்க் கேட்ட பெண்ணை வரச் சொன்னேன். ஜெயங்கொண்டத்துக்காரி, முப்பதுகளின் கடைசியில் இருப்பாள். பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தாலும் பதில்கள் கறாராக வந்தன. எப்படிக் கேட்டாள், அப்போது யார் பக்கத்தில் இருந்தார்கள், மாமியார் குறுக்கே பேசினால் என்ன செய்தாள் என்று நான் துருவித் துருவிக் கேட்டேன். எல்லாம் முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? எங்க ஊருல அந்தச் சோத்துக் கேள்விக்கு என்ன சொல்லியிருக்காங்க?"

எதற்கு என்றேன். சர்வே வேலை முடிந்துவிட்டதால் வீட்டு வாசலிலேயே இட்லிக்கடை போடலாமென்று இருப்பதாகச் சொன்னாள். பிறகு மீதியையும் சொன்னாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. தினமும் மாத்திரை போடுகிறாள், நன்றாக இருக்கிறாள். கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"நல்லாத்தான் பேசுறாங்க. கல்யாணம் காச்சின்னா பத்திரிக்கை வக்கிறாங்க. ஆனா என் கையால ஒரு வாய் சாப்ட்டதில்ல. நானும் குடுத்துப் பாத்ததில்ல. கடையப் போட்டு ஒருத்தரும் வரலன்னா, இத்தன நாளு தெரியாம இருந்தது தெரிஞ்சுபோயிரும் மேடம். அப்புறம் அதே தெருவுல எப்படிங்க இருக்குறது?"

போட்டி இருக்குமா, மாவு புளிக்குமா என்று கவலைப்பட வேண்டிய நேரத்தில் இவளுக்கு இப்படி ஒரு கவலை. ஆறுதலாக எதையாவது அளந்து விட்டிருக்கலாம், ஆனால் அவள் கேட்டது ஆறுதல் இல்லை. உள்ளதைச் சொன்னேன்: தாங்கள் சாப்பிடுவதாகவும் மற்றவர்கள் சாப்பிட மாட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப கடைக்கு யாரு மேடம் வருவா? சொன்னவங்களா, அந்த மத்தவங்களா?"

இதைத்தான் நானும் மண்டையை உடைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தேன். போகும்போது எங்கள் வயல் சின்ன வெங்காயம் ஒரு பை கொடுத்தனுப்பினேன். வேறு என்ன கொடுப்பதென்று தெரியவில்லை.

அதன்பின் அந்த இரண்டு கேள்விகளையும் புரட்டிப் போட்டுப் பார்ப்பதே வேலையாயிற்று. வயசு வாரியாகப் பிரித்தேன், படிப்பு வாரியாகப் பிரித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில், பேட்டியின்போது பக்கத்தில் வேறு யாராவது இருந்தார்களா என்று குறித்திருந்ததை வைத்துப் பிரித்தேன். தனியாக இருந்தவர்கள் தாராளமாகச் சாப்பிடுவேன் என்றிருந்தார்கள். மாமியாரோ பக்கத்து வீட்டாரோ கேட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தாராளம் குறைந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நல்ல பெயர் வாங்கச் சொல்கிற பொய்யாக இருந்தால், நாலு பேர் முன்னால் இன்னும் பெரிதாக அல்லவா சொல்லியிருப்பார்கள்? இங்கே நாலு பேரைப் பார்த்ததும் பின்வாங்கியிருக்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்கிற பயம். உடனே அவளுக்குப் போன் போட்டு, பயம் சோற்றின்மேல் இல்லை, பக்கத்து வீட்டின்மேல் என்று தோன்றுகிறது, தோன்றுகிறது என்றுதான் சொல்கிறேன், சத்தியம் செய்ய மாட்டேன் என்றேன். சரிங்க மேடம் என்று வைத்துவிட்டாள். பிறகு ஒரு நாள் அவளே கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை கடை திறப்பதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டேன். வாசலில் அடுப்பு, இட்லிக் குண்டான், ஒரு பெஞ்சு, இலைத் துண்டுகள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். பஞ்சு மாதிரி இட்லி, எங்கள் வெங்காயத்தில் அரைத்த சட்னி. ஆனால் நான் சாப்பிட்டது கணக்கில் சேராது. நான் அந்தத் தெரு இல்லை.

தெரு அவரவர் வாசலில் நின்று பார்த்தது. முதலில் எதிர்வீட்டு அம்மா வந்து பார்சல் கேட்டார். அப்புறம் இன்னொருவர், அவரும் பார்சல். அதன் பிறகு வரிசையாக வந்தார்கள், அத்தனை பேரும் பார்சல். பெஞ்சில் ஒருவர்கூட உட்காரவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். புதுக்கடை திறந்தால் போணி பண்ணாமல் இருப்பது நம் பக்கத்தில் மரியாதை இல்லை. பகையாளி கடையில்கூட முதல் நாள் எதையாவது வாங்கிவிட்டுத்தான் போவார்கள். ஆக, இதுவும் சர்வேயில் சொன்ன ஆமாம் மாதிரிதான். கதவுக்குப் பின்னால் அந்த இட்லி வாய்க்குப் போனதா, கோழிக்குப் போனதா? போய் ஒவ்வொரு கதவாகத் தட்டலாமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவளுக்கும் தெரிந்திருந்தது. முகத்தில் வைத்த சிரிப்பு அப்படியே இருக்க, குண்டானை இறக்கிக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

"போணிக்கு வாங்கிட்டாங்க மேடம். அது போதும்."

போதாது என்று அவள் குரலே சொன்னது. அடுப்பைத் தணித்தாள். மிச்சமிருந்த மாவை மூடி வைத்தாள். நான் கிளம்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த அம்மா இடது கையில் ஒரு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். வலது கை எச்சில் கை. விரலெல்லாம் இட்லியும் சட்னியும் ஒட்டியிருக்க, அதைக் கழுவக்கூட இல்லாமல், தெரு பார்க்க அப்படியே தூக்கிப் பிடித்தபடி வந்தார்.

"சட்னி பத்தலடி. எல்லாத்தையும் எங்க வூட்டுக்காரரே வழிச்சுட்டாரு. இன்னொரு கரண்டி ஊத்து."

கோழிக்குப் போடுகிறவர்கள் சட்னி கேட்டு வருவதில்லை. இது ஒரே ஒரு வீடுதான், ஒன்றை வைத்து ஊரைச் சொல்லக் கூடாதென்று வகுப்பில் கத்துகிறவளும் நான்தான். அன்றைக்கு அதெல்லாம் எனக்கு நினைவில் இல்லை. கண் நிறைந்துவிட்டது.

அவள் ஒரு கரண்டி ஊற்றினாள். இன்னொரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று கிண்ணம் வழிய ஊற்றிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா கிண்ணத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"போதும்டி. பின்னாடி வர்றவங்களுக்கு வேணாமா?"

அவள் மாவுப் பானையின் மூடியை எடுத்தாள்.