காலிச் சீட்டின் எடை

இருமல் மருந்தை டேங்க்கில் ஊற்றிப் பதினோரு கிலோமீட்டர் கார் ஓட்டினேன் என்று நான் சொல்லித் திரிந்தது பொய். நான் கட்டிய இன்ஜினிலிருந்து பிஸ்டன் பிய்த்துக்கொண்டு பறந்து, பக்கத்துத் தெருவில் ஒரு காக்காயை அடித்தது என்றதும் பொய்தான். அது புறா. ஆனால் இப்போது சொல்லப்போவது நடந்தது. நம்பாவிட்டால் எனக்கு நஷ்டமில்லை. ஜோடித்துச் சொல்லக்கூட இப்போதெல்லாம் தெம்பு இல்லை. ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டுவது என் தொழில். வேகத்தைக் கூட்டிக் கொடுக்க ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேகம் கூட்டிய காரில் போனவன் அதே காரில் வீடு திரும்ப வேண்டும் என்றால்தான் என்னைத் தேடி வருவார்கள்.

அந்த வாரம் என் ஷெட்டில் நின்றது என் மகளின் கார். மலைப்பாதைப் பந்தயம் ஓட்டுகிறவள் அவள். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பந்தயம். மூன்று நாளாக அந்த இன்ஜினோடு மல்லுக்கட்டியிருந்தேன். புது பிஸ்டன், புது பேரிங். ஒவ்வோர் இடைவெளியையும் அளந்து, சந்தேகம் வந்து, மறுபடி அளந்தாயிற்று. கண்ணை மூடினால் கண்ணுக்குள் போல்ட் சுற்றியது. சாயங்காலம் இன்ஜினை ஓட விட்டுப் பார்த்தேன். குறட்டை விடும் மாமனாரைப் போல நிதானமாக ஓடியது. மிச்சம் இருந்தது ஒரே வேலை. எடை பார்ப்பது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எடைத்தட்டு வைப்போம். எந்தச் சக்கரத்தில் எத்தனை கிலோ, மொத்தம் எத்தனை என்று ஒரு சின்னப் பெட்டியில் எண் வரும். நாலுகால் ஸ்டூலில் ஒரு கால் குட்டையானால் ஆடும் அல்லவா? காரும் அப்படித்தான். ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் வளையத்தைத் திருகித் திருகி ஆட்டத்தை எடுக்க வேண்டும். போன வருஷம் வேறொரு ஷெட்டில் இதை அவசரமாகச் செய்து அனுப்பினார்கள். வளைவில் பிரேக்கை மிதித்ததும் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் உரசியது. இந்தப் பக்கம் இழுத்ததால் பாறை. அந்தப் பக்கம் இழுத்திருந்தால் பள்ளம். மகள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. சீட்டைக் காலியாக வைத்து எடை பார்க்கக் கூடாது. ஓட்டுகிறவர் உட்கார வேண்டும். இல்லையென்றால் அவர் எடைக்கு மணல் மூட்டை வைக்க வேண்டும். ஹெல்மெட், உடுப்பு எல்லாம் சேர்த்து என் மகள் ஐம்பத்தி நாலு கிலோ. அவள் அப்போது பந்தயப் பதிவுக்குப் போயிருந்தாள்.

"மூட்டை எங்கடா?" என்று கேட்டேன். என் பங்காளி லேத்காரனைத்தான். பட்டறை லேத்தை அவன்தான் ஓட்டுகிறான்.

"எலி கடிச்சிடுச்சுண்ணே. கொட்டின மணலைக் கூட்டித் தள்ளிட்டேன்."

"எலி மணலையா தின்னுச்சு?"

"அதைப் போய் எலிகிட்ட கேளுங்க. வேணும்னா நான் உக்காரட்டுமா?"

"நீ நூத்திப் பத்து கிலோ. நீ உக்காந்தா கார்னு சொல்ல முடியாது, லாரினுதான் சொல்லணும். வீட்டுக்குப் போ."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஷட்டர் பாதி இறங்கியது. ஆறே முக்கால் மணி. வெளியே தூறல். பெட்டியில் எண் எரிந்தது. 880. காலிக் கார்.

முதுகு விண்ணென்று வலித்தது. அந்த அசதியில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். கார்க் கதவைத் திறந்து, காலிச் சீட்டைப் பார்த்து, விளையாட்டாகச் சொன்னேன்.

"யாராவது வந்து உக்காருங்கப்பா. ஐம்பத்தி நாலு கிலோ போதும்."

கதவைச் சாத்திவிட்டு முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது பெட்டியில் 934.

லேத்காரன் எங்கிருந்தோ மூட்டை தேடிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். கார்க் கண்ணாடி முழுக்க மூன்று நாள் தூசி. உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. குனிந்தால் நிமிர முடியாத நிலையில் எவன் எட்டிப் பார்ப்பான்? ஸ்பேனரை எடுத்தேன்.

முன்பக்க வளையம் அரைச் சுற்று. காரை அமுக்கி விட்டேன். எண் பார்த்தேன். பின்பக்கம் கால் சுற்று. மறுபடி அமுக்கினேன். மறுபடி எண். வேலை வெண்ணெயாக நகர்ந்தது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நான் குனியும் போதெல்லாம் முன்தட்டில் ரெண்டு கிலோ கூடியது. பின்தட்டில் ரெண்டு கிலோ குறைந்தது. நான் எழுந்ததும் பழையபடி ஆகிவிடும்.

யாரோ, நான் என்ன செய்கிறேன் என்று முன்னால் சாய்ந்து பார்ப்பது போல.

மணல் மூட்டை சாய்ந்து பார்க்காது.

ஏழே முக்காலுக்கு வேலை முடிந்தது. மூலைக்கு மூலை கூட்டிப் பார்த்த எடை ரெண்டு பக்கமும் கிலோ பிசகாமல் நின்றது. லேத்காரனுக்கு போன் செய்தேன்.

"மூட்டை வெச்சதுக்கு நாளைக்கு உனக்கு டீ வாங்கித் தரேன்டா."

"எந்த மூட்டைண்ணே? நான் வீட்ல தலை துவட்டிட்டு இருக்கேன்."

போனை வைத்தேன். கதவைத் திறந்தேன்.

சீட் காலி.

காலிதான். ஆனால் சீட்டின் பஞ்சு நடுவில் அமுங்கியிருந்தது. ஒரு ஆள் உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ அப்படி. முதுகுப் பக்கமும் அமுங்கியிருந்தது.

எடைத்தட்டு கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரைத் தட்டிலிருந்து தள்ளி இறக்கினேன். பெட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். மறுபடி தள்ளி ஏற்றினேன். இந்த வயதில் இதைத் தனியாகச் செய்து பாருங்கள், பேயே பாவப்படும்.

934.

அப்போது ஷட்டருக்கு அடியில் குனிந்து மகள் வந்தாள்.

"முடிஞ்சுதாப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஹெல்மெட் இல்லாமல் அவள் நாற்பத்தி ஒன்பது.

பெட்டியைப் பார்த்தேன். 983.

அவள் எடையும் இருந்தது. அதுவும் இருந்தது.

"அப்பா, சீட்டை மாத்தினீங்களா? இடுப்புகிட்ட இறுக்கமா இருக்கே."

"இல்லம்மா. இறங்கு."

"மடியில உக்காந்த மாதிரி இருக்கு. ஃபேன் போட்டிருக்கீங்களா? பின்கழுத்துல காத்து அடிக்குது..."

என் ஷெட்டில் ஃபேன் கிடையாது.

"இறங்குடி!"

இறங்கினாள். என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வழக்கமா நீங்கதான் எல்லாரையும் பயமுறுத்துவீங்க. இன்னைக்கு உங்க முகமே பேயறைஞ்சாப்ல இருக்கு."

அவளிடம் என்ன சொல்வது? இருமல் மருந்துக் கதையைக் கேட்டு வளர்ந்தவள். நிஜத்தைச் சொன்னாலும், இதுல காக்கா எங்கப்பா வரும் என்றுதான் கேட்பாள்.

"ஒரு போல்ட் பாக்கி. நீ போய்ப் படு. காலைல ஓட்டணும்."

போனாள். பெட்டியைப் பார்த்தேன். 983 இறங்கி 934-ல் நின்றது.

அதற்குக் கீழே இறங்கவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது பேய்ப் பயம் இல்லை, மெக்கானிக் பயம். காலையில் என் மகள் ஏறுவாள். இதுவும் இறங்காது. ஓட்டுகிறவர் பக்கத்தில் ஐம்பத்தி நாலு கிலோ கூடுதல். பிரேக் மிதித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். அந்த வளைவில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அதன் பிறகுதான் மற்ற பயம் வந்தது. மடியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று அவள் சொன்னாள். யார் மடி?

ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கதவருகே உட்கார்ந்தேன்.

"நான்தான் கூப்பிட்டேன். தப்புதான். வேலை முடிஞ்சுது... இறங்கிடு."

934.

"அவ சின்னப் பொண்ணு. விட்டுடு."

934.

ஷட்டரில் தூறல் விழும் சத்தம். சட... சட... சட...

"போறதுக்கு இடம் இல்லையா?"

936.

934.

தலையாட்டினால் எடை அப்படித்தான் ஏறி இறங்கும்.

எனக்கு அழுகை வந்தது. அந்த நேரத்தில் அதற்கும் தெம்பில்லை.

"சரி... அவ வேணாம். என்கூட வா."

934.

பிறகு...

கிரீச்.

ஸ்பிரிங் நிமிர்ந்தது.

921.

897.

880.

புஸ்ஸ்... என்று பஞ்சு எழும்பியது. கதவு அசையவில்லை. நானும் அசையவில்லை.

நான் உட்கார்ந்திருந்த ஸ்டூல் மட்டும் 'கிரீச்' என்றது.

காலையில் அவள் ஓட்டினாள். மலை உச்சியில், பந்தயம் முடியும் கோட்டில் நின்றிருந்தேன். இன்ஜின் சத்தம் கீழிருந்து வளைவு வளைவாக ஏறி வந்தது. ஒரு முறைகூடத் திக்கவில்லை. போன வருஷத்து வளைவில் பிரேக் சத்தம் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் என் முன்னால் இருந்தது. மூன்றாவது இடம். முதலிடம் என்று சொல்லியிருப்பேன், ஆனால் இந்தக் கதையில் பொய் வேண்டாம் என்று பார்க்கிறேன்.

"கோடு போட்டாப்ல போச்சுப்பா!" என்று ஓடிவந்தாள். கிட்டே வந்ததும் நின்றாள். "ஏன் இப்படிக் கூனிட்டீங்க?"

"மூணு நாள் வேலைம்மா. தூங்கினா சரியாயிடும்."

தூங்கினேன். சரியாகவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது. உட்காரும் நாற்காலியெல்லாம் முனகியது. என் பழைய வண்டியில் நான் ஏறினால் அது என் பக்கமே சாய்ந்து நின்றது. ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தேன். அப்படியும் சாய்ந்தது.

பந்தயம் முடிந்து பத்து நாள் இருக்கும். முழங்கால் வலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனேன். பகல் நேரம், நல்ல கூட்டம். எடை பார்க்கும் மெஷினுக்குப் பின்னால் ஒரு நர்ஸ் உட்கார்ந்து தலை நிமிராமல் எண்ணை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தாள். நான் அறுபத்தி எட்டு கிலோ. முப்பது வருஷமாக அதே எடைதான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

எண் ஓடி நின்றது.

122.

நர்ஸ் பேனாவை எடுத்தாள். எண்ணைப் பார்த்தாள். சலித்துக்கொண்டாள்.

"பெரியவரே, ஒவ்வொருத்தரா ஏறுங்க."